மரங்கொத்திக்குத் தலை வலிக்காதா?

#1 பனித்துளி
எல்லோருக்கும் வணக்கம். பறவை பார்க்கத் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்பு வரை கொண்டலாத்தியைத்தான் மரங்கொத்தி என்று நம்பிக்கொண்டிருந்தேன். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

என் சன்னலுக்கு நேர் எதிரே ஒரு பெரிய மரம். அதில் முறிந்துபோன காய்ந்த கிளை ஒன்று முழங்கை நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்பது நாட்களாகக் காலை ஆறே காலுக்கும் ஏழுக்கும் இடையில் ஒரு மரங்கொத்தி அதில் வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘டர்ர்ர்ர்’ என்று ஓர் அடி. பிறகு நிறுத்தி, தலையை இப்படியும் அப்படியும் திருப்புகிறது. மறுபடி ‘டர்ர்ர்ர்’. அடிக்கும் இடம்கூட மாறுவதில்லை. அந்த ஒரு ரூபாய் அகலத்துக்குப் பட்டை தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. ஆனால் அது ஒரு புழுவைக்கூட எடுத்துத் தின்று நான் பார்த்ததில்லை.

முதுகு தங்க நிறம். தலை முழுக்கச் சிவப்பு. கழுத்தின் முன்புறம் கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள்.

என் சந்தேகங்கள்: சாப்பாடு இல்லாத இடத்தில் எதற்கு இந்த உழைப்பு? இப்படி அடித்தால் தலை வலிக்காதா? இன்னொன்று, பக்கத்து வீட்டார் “மரத்தைக் கொன்றுவிடும், விரட்டிவிடு” என்கிறார். விரட்ட வேண்டுமா?

#2 கானகக்காது
முதல் கேள்வி என்னுடையது, யாரும் குறுக்கே வராதீர்கள்.

நண்பரே, அது உழைப்பு இல்லை, பாட்டு. குயிலுக்குத் தொண்டை எப்படியோ மரங்கொத்திக்கு அந்தக் காய்ந்த கிளை அப்படி. ‘இந்த எல்லை என்னுடையது’ என்று மற்ற ஆண்களுக்கும், ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று துணைக்கும் சொல்கிறது. பெண்ணும் கொட்டும். சேதி தொலைவுக்குப் போக வேண்டும் என்பதால் உள்ளே பொள்ளலான, காய்ந்த, நன்றாக அதிரும் இடத்தைத் தேடிப் பிடிக்கும். சில பறவைகள் இரும்புக் கம்பத்தையும் தகரக் கூரையையும் கண்டுபிடித்துவிடும். அதைவிட நல்ல முரசு அவற்றுக்கு ஏது?

காதால் பிரித்துப் பழகுங்கள். இரை தேடும்போது ஒழுங்கில்லாத தட்டல்: இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, ஐந்து தட்டு, பட்டையை உரிக்கும் சத்தம். பொந்து தோண்டும்போது கனமான, நிதானமான, சலிக்காத வெட்டு. கொட்டு என்பது ஒரே மூச்சில் ஓடும் அதிர்வு. தனித்தனி அடிகளாக நம் காதால் எண்ணவே முடியாது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரவியுள்ள பெரும்புள்ளி மரங்கொத்தி ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பத்துக்கு மேற்பட்ட அடிகளை முடித்துவிடும். அங்கேயே வாழும் கருமரங்கொத்தியின் கொட்டு இரண்டு மூன்று நொடி நீளும். இனத்துக்கு இனம் வேகமும் நீளமும் வேறு. பழகிய காது பறவையைப் பார்க்காமலே பெயர் சொல்லும்.

பாட்டு என்று நான் சொன்னது வெறும் உவமையில்லை. பாடும் பறவைகளின் முன்மூளையில் பாட்டைக் கற்பதற்கென்றே சில பகுதிகள் உண்டு. அதே போன்ற பகுதிகள் மரங்கொத்தியின் மூளையிலும் இருப்பதையும் அவை கொட்டுதலோடு தொடர்புடையவை என்பதையும் 2022இல் ஓர் அமெரிக்க ஆய்வுக் குழு காட்டியது.

#3 பழைய_தொலைநோக்கி
தம்பி, நீங்கள் சொன்ன அடையாளங்களுக்குப் பொன்முதுகு மரங்கொத்தி பொருந்துகிறது. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள்: வாலுக்கு மேலே இடுப்புப் பகுதி என்ன நிறம்? கறுப்பாக இருந்தால் பொன்முதுகுதான். அங்கே சிவப்பாக இருந்தால் பெரிய பொன்முதுகாக இருக்கலாம். மரத்தில் ஒட்டியிருக்கும்போது இறக்கை மறைத்துவிடும். பறந்து போகும்போதுதான் தெரியும். அதனால் அது கிளம்பும்வரை தொலைநோக்கியைக் கீழே இறக்காதீர்கள்.

உச்சந்தலை முழுதும் சிவப்பு என்றால் ஆண். பெண்ணுக்கு முன்னுச்சி கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளி, பின்னால் மட்டும் சிவப்புக் கொண்டை. இலங்கையில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. தீவின் வடக்கே பொன்முதுகு, தெற்கே செம்முதுகு, இரண்டும் சந்திக்கும் நடுப்பகுதியில் ஆரஞ்சு நிறக் கலப்பினங்கள். அங்கிருந்து வந்த ஒரு படத்தை வைத்து நான் பல மாதம் குழம்பியிருக்கிறேன்.

கொண்டலாத்தியைப் பற்றி வெட்கப்படாதீர்கள். நாற்பது வருடத்துக்கு முன்பு நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீண்ட அலகு, விசிறிக் கொண்டை, தரையில் குத்திக் குத்தி நடப்பது: யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் கொண்டலாத்தி இருவாச்சிகளுக்குச் சொந்தம். மரங்கொத்தியின் உண்மையான பங்காளி யார் தெரியுமா? நாள் முழுக்கக் ‘குட்ரூ குட்ரூ’ என்று கத்தும் குக்குறுவான். அதுவும் தன் அலகால் பொந்து குடைகிறது.

#4 உடற்கூறு
தலைவலிக் கேள்விக்கு நான் வருகிறேன். உயிரியல் வகுப்பில் பல ஆண்டுகள் இதைத் தவறாகவே சொல்லிக்கொடுத்தவள் நான் என்ற ஒப்புதலோடு தொடங்குகிறேன்.

நாம் எல்லோரும் படித்த கதை இதுதான்: அலகுக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே பஞ்சு போன்ற எலும்பு இருக்கிறது, அது அதிர்ச்சியை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் மூளை தப்புகிறது. 1976இல் பிலிப் மே என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் ‘லான்செட்’ இதழில் மரங்கொத்தியின் தலையைப் பற்றி எழுதியதிலிருந்து, இதை முன்மாதிரியாக வைத்துத் தலைக்கவசம் செய்யலாமா என்ற பேச்சு ஓயவே இல்லை. இந்தப் பறவைக்கு ஏன் தலை வலிப்பதில்லை என்று ஆராய்ந்ததற்காக அவருக்கும் ஐவன் ஷ்வாப் என்ற கண் மருத்துவருக்கும் 2006இல் இக் நோபல் பரிசுகூடக் கொடுத்தார்கள்; முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான வேடிக்கைப் பரிசு அது.

ஆனால் ஒரு நிமிடம் யோசியுங்கள். சுத்தியலின் தலையில் மெத்தை கட்டிக்கொண்டு யாராவது ஆணி அடிப்பார்களா? அதிர்ச்சியைத் தலை உறிஞ்சிவிட்டால் மரத்தை வெட்டுவதற்கு என்ன மிஞ்சும்? அதை ஈடுகட்ட இன்னும் வேகமாக அடிக்க வேண்டும். உறிஞ்சியதன் பயன் அங்கேயே போயிற்று.

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வான் வாசன்பெர்கும் அவருடைய குழுவும் இதை 2022இல் அளந்தே பார்த்துவிட்டார்கள். மூன்று இன மரங்கொத்திகள், அதிவேக ஒளிப்படக் கருவி, நூற்றுக்கும் மேற்பட்ட கொத்துகள். அலகு எவ்வளவு சடாரென்று நிற்கிறதோ, மூளை இருக்கும் பகுதியும் அவ்வளவு சடாரென்றே நிற்கிறது. நடுவே எதுவும் உறிஞ்சப்படவில்லை. தலை முழுவதும் ஒரே விறைப்பான சுத்தியல்.

அப்படியானால் மூளை எப்படித் தப்புகிறது? சிறியதாக இருப்பதால். மரங்கொத்தியின் மூளை ஓரிரு கிராம்தான். நம்முடையது ஏறத்தாழ 1,400 கிராம். பொருள் சிறுத்தால் எடை வேகமாகக் குறையும், பரப்பளவு அவ்வளவு வேகமாகக் குறையாது. ஆகவே அதே திடீர் நிறுத்தத்தில் சிறிய மூளைக்குள் எழும் அழுத்தம் மிகக் குறைவு. எறும்பு மாடியிலிருந்து விழுந்து எழுந்து நடக்கிறது, யானை கட்டிலிலிருந்து விழுந்தாலே ஆபத்து, அதே கணக்குதான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா கிப்சன் இந்தக் கணக்கை 2006லேயே போட்டிருந்தார். மூளை மண்டையோட்டுக்குள் இறுக்கமாக அமர்ந்திருப்பதும், அடி படும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே என்பதும் சேர்ந்து உதவுகின்றன.

#5 கிளைவாசி
ஆசிரியைக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. “தலைக்கு ஒன்றுமே ஆவதில்லை” என்று முடித்துவிடுவது அவசரம். அருங்காட்சியகங்களில் பதப்படுத்தி வைத்திருந்த மரங்கொத்தி மூளைகளைச் சோதித்து 2018இல் ஒரு கட்டுரை வெளியானதே! டவ் புரதம் சேர்ந்திருந்ததாகச் சொன்னார்கள். தலையில் அடிக்கடி அடிபடும் குத்துச்சண்டை வீரர்களின் மூளையில் சேரும் அதே புரதம். ஒப்பிடுவதற்கு எடுத்த, மரம் கொத்தாத கரும்பறவைகளில் அது இல்லை.

இன்னொன்று. நாக்கு மண்டையோட்டைச் சுற்றிப் போய் மூளைக்குப் பாதுகாப்புப் பட்டையாக இருக்கிறது என்று படித்திருக்கிறேன். அதுவும் கட்டுக்கதையா?

#6 உடற்கூறு
மறுப்புக்கு நன்றி. ‘ஒன்றுமே ஆவதில்லை’ என்று நான் சொல்லவில்லை. ‘பஞ்சு இல்லை’ என்றுதான் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல. டவ் புரதம் சேர்ந்திருந்தது உண்மை. அது நோயின் தடயமா, பாதுகாப்பு ஏற்பாடா என்பதை அந்த ஆய்வாளர்களே முடிவு கட்டாமல்தான் விட்டார்கள். நோய் என்றால் நாளெல்லாம் கொத்திப் பிழைக்கும் ஒரு குடும்பம் இவ்வளவு காலம் எப்படித் தாக்குப்பிடித்தது என்ற கேள்வி எழுகிறது. அந்த இழுபறி எனக்குப் பிடித்தே இருக்கிறது.

நாக்கைப் பற்றி: சுற்றிப் போவது உண்மை. நாக்கைத் தாங்கும் எலும்பின் இரண்டு கொம்புகள் தாடைக்கு அடியில் தொடங்கி, பின்னந்தலையைச் சுற்றி, உச்சியைக் கடந்து, பல இனங்களில் மூக்குத் துளைவரை வந்து நிற்கின்றன. ஆனால் அது கவசம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை; சுருட்டி வைக்க வேறு இடமில்லை என்பதே நேரான விளக்கம். ஐரோப்பியப் பச்சை மரங்கொத்தி அலகின் நுனிக்கு வெளியே சுமார் பத்து சென்டிமீட்டர் நாக்கை நீட்டி எறும்புப் புற்றைத் துழாவும். அதை மடக்கி வாய்க்குள் வைக்க முடியுமா? லியோனார்டோ டாவின்சி தன் குறிப்பேட்டில் ‘மரங்கொத்தியின் நாக்கை விவரி’ என்று தனக்கே ஒரு வேலை எழுதி வைத்திருந்தார். மோனாலிசாவை வரைந்த மனிதருக்கு இருந்த சந்தேகம்தான் உங்களுக்கும் வந்திருக்கிறது.

#7 வால்சிறகு
நாக்கையும் மூளையையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் வாலைப் பார்க்கிறேன். பெயரிலேயே இருக்கிறது.

பனித்துளி, அடுத்த முறை அது அடிக்கும்போது தலையைப் பார்க்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் பார்க்கிறார்கள். கால் விரல்களையும் வாலையும் பாருங்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று விரல்கள் பட்டையைக் கவ்வியிருக்கும். வால் சிறகுகள் கம்பிபோல் விறைத்து மரத்தில் ஊன்றியிருக்கும். இரண்டு காலும் ஒரு வாலும் சேர்ந்து முக்காலி. வால் இல்லாமல் அந்த அடி அடித்தால் பறவை பின்னால் சாய்ந்துவிடும். அதனால் சிறகுதிர் காலத்தில்கூட நடுவில் இருக்கும் இரண்டு வலுவான சிறகுகள் கடைசிவரை உதிர்வதில்லை. சுற்றியுள்ளவை புதிதாக முளைத்த பிறகுதான் அவை விழும். என்னிடம் உள்ள ஒரு படத்தில் ஓரச் சிறகுகள் பளபளவென்று புதியவை, நடுச் சிறகுகள் இரண்டும் துடைப்பக்கட்டைபோல் தேய்ந்திருக்கின்றன. அதைப் பார்த்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

இன்னொரு படத்தில் அலகு மரத்தைத் தொடும் கணத்தில் கண் வெள்ளையாக இருக்கிறது. முதலில் என் குறிபார்ப்புதான் பிசகிவிட்டது என்று அழிக்கப் போனேன். பிறகுதான் புரிந்தது, அது மூன்றாவது இமை. ஒவ்வோர் அடிக்கும் மூடித் திறக்கிறது. மூக்குத் துளைகளின் மேலும் மயிர்போன்ற சிறகுகள் மூடியிருக்கும், மரத்தூள் போகாமல்.

#8 பனித்துளி
அக்கா, இன்று வாலை மட்டுமே பார்த்தேன். உண்மைதான், அடிக்கும்போது வால் மரத்தில் அழுந்தி வளைகிறது! ஐயா, பறக்கும்போது இடுப்பு கறுப்பு. பொன்முதுகேதான்.

புதிய சேதி: பதினான்காம் நாளான இன்று கொட்டும் கிளையை விட்டுவிட்டு அடிமரத்தின் பின்புறம், தோல் உரிந்த ஓர் இடத்தில் நிதானமாக வெட்டுகிறது. கானகக்காது சொன்ன அந்தக் ‘கனமான, சலிக்காத’ சத்தம். பெண்ணும் வந்து முறை மாற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டார் இப்போது உறுதியாகச் சொல்கிறார், மரம் போயிற்று என்று.

#9 கிளைவாசி
மரம் போகாது. ஏற்கெனவே அந்த இடம் போயிருக்கிறது, அதனால்தான் அது வந்திருக்கிறது. உள்ளே பூஞ்சை பிடித்து மெத்தென்று ஆன மரத்தைத் தட்டிப் பார்த்தே பெரும்பாலான மரங்கொத்திகள் தேர்ந்தெடுக்கின்றன. பக்கத்து வீட்டாரிடம் சொல்லுங்கள்: மரத்தைத் துளைத்துத் தின்னும் வண்டுப் புழுக்களை எடுக்கும் வைத்தியருக்கு யாராவது கல்லெறிவார்களா?

விதிவிலக்கு உண்டு. அமெரிக்காவின் தென்கிழக்கில் ரெட் காகேடட் என்ற மரங்கொத்தி உயிருள்ள முதிய பைன் மரத்தில்தான் குடைகிறது. ஒரு பொந்தை முடிக்க அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். முடித்த பிறகு சுற்றிலும் சிறு துளைகள் போட்டுப் பிசினை வழியவிடும். மரமேறும் பாம்பு அந்தப் பிசினைத் தாண்டி வர முடியாது. முதிய பைன்களை வெட்டித் தள்ளியதால் அழிவின் விளிம்புக்குப் போனது. பல பத்தாண்டு பாதுகாப்புக்குப் பிறகு 2024இல்தான் அமெரிக்க அரசு அதை ‘அருகிவரும்’ நிலையிலிருந்து ஒரு படி இறக்கியது. எல்லா இனத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதே நாட்டின் தந்த அலகு மரங்கொத்தியை எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி கடைசியாகப் பார்த்தது 1944இல்.

நம் பக்கத்துச் செம்பழுப்பு மரங்கொத்தி இன்னும் ஒரு படி மேல். மரத்தில் பந்துபோல் கூடு கட்டும் எறும்புகளைத் தின்றுகொண்டே, அந்தக் கூட்டுக்குள்ளேயே பொந்து குடைந்து முட்டையிடுகிறது. வீட்டுக்காரனையே தின்றுவிட்டு வாடகையும் கொடுக்காத குடித்தனம்.

#10 கானகக்காது
மரம் கிடைக்காவிட்டால் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கதை. 1995இல் ‘டிஸ்கவரி’ விண்வெளி ஓடம் ஏவுதளத்தில் நின்றுகொண்டிருந்தது. அதன் வெளி எரிபொருள் கலனைச் சுற்றியுள்ள காப்பு நுரையில் பிளிக்கர் வகை மரங்கொத்திகள் ஏறத்தாழ 200 துளைகள் போட்டுவிட்டன. ஓடத்தை மீண்டும் கட்டடத்துக்குள் இழுத்துப்போய் அடைக்க வேண்டியதாயிற்று. ஜூன் மாதம் கிளம்ப வேண்டியது ஜூலை 13 அன்றுதான் கிளம்பியது. பொம்மை ஆந்தைகளை எல்லாம் வைத்துப் பயமுறுத்திப் பார்த்தார்கள்.

#11 பழைய_தொலைநோக்கி
பக்கத்து வீட்டார் கூரை மேல் ஆந்தைப் பொம்மை வைத்தால் இனி ஆச்சரியப்படமாட்டேன்.

#12 மட்டுறுத்துநர்
இழை நன்றாகப் போகிறது. ஒரே வேண்டுகோள்: பொந்து இருக்கும் மரத்தின் இடத்தையோ வரைபடத்தையோ யாரும் இங்கே பதியாதீர்கள். பதிவு செய்த ஒலியை ஓடவிட்டுப் பறவையை வரவழைக்கவும் வேண்டாம். கூடு கட்டும் நேரத்தில் அது இல்லாத எதிரியைத் தேடி அலையும்.

#13 பனித்துளி
குறிப்பேட்டிலிருந்து அப்படியே தருகிறேன்.

பதினேழாம் நாள்: அலகும் கண்ணும் மட்டும் உள்ளே போகின்றன. இருபதாம் நாள்: தோள்வரை. இருபத்து நான்காம் நாள்: வால் நுனி மட்டும் வெளியே. இருபத்தாறு: பறவையே காணவில்லை, உள்ளேயிருந்து தட்டும் சத்தம் மட்டும், பொத்திய கையால் கதவைத் தட்டுவதுபோல. பிறகு தலை வெளியே வருகிறது, வாய் நிறைய மரச் சில்லு. தலையை ஒரு உதறு உதறுகிறது, சில்லு காற்றில் பறக்கிறது, தலை உள்ளே போகிறது. பதினைந்து நிமிடத்தில் இதை முப்பத்தொரு முறை எண்ணினேன். மரத்தடியில் அள்ளிப் பார்த்தேன். பென்சில் சீவிய துருவல்போல, ஆனால் ஈரமாக, காளான் மணத்தோடு.

நேற்று மாலை இருட்டும் நேரத்தில் ஆண் உள்ளே போனது, திரும்பி வரவில்லை. பெண் வேறெங்கோ பறந்துவிட்டது. சண்டையா?

#14 உடற்கூறு
சண்டை இல்லை, இரவுப் பணி. மரங்கொத்திகளில் இரவில் அடைகாப்பது பெரும்பாலும் ஆண்தான். முட்டைக்கு முன்பே பொந்தில் தங்கத் தொடங்கிவிடும். முட்டைகள் தூய வெள்ளையாக இருக்கும். இருட்டுக்குள் யாருக்கு மறைக்க வண்ணம்? மெத்தையும் கிடையாது, கீழே கிடக்கும் சில்லுகள்தான் படுக்கை. பல இனங்களில் இரண்டு வாரத்துக்குள் குஞ்சு பொரிந்துவிடும். ஏணி வைத்து எட்டிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். அப்பா, அம்மா அலகில் இரையோடு உள்ளே போகத் தொடங்கினால் குஞ்சு வந்துவிட்டது என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

#15 பனித்துளி
முப்பதாம் நாள். எழுதவே மனமில்லை.

காலையில் ஒரு மைனா பொந்தின் வாயில் நின்றது. வாயில் காய்ந்த புல். ஆண் மரங்கொத்தி பாய்ந்து வந்து கத்தியது. அந்தக் கத்தலை எப்படி எழுதுவது, குதிரை கனைப்பை வேகமாக ஓட்டினால் வருவதுபோல. மைனா பறந்து போய், துணையோடு திரும்பியது. இரண்டும் சேர்ந்து மாற்றி மாற்றி உள்ளே புகுந்தன. மத்தியானத்துக்குள் பொந்திலிருந்து புல் தொங்கிக்கொண்டிருந்தது. பதினாறு நாள் வேலை! நான் கீழே போய்க் கையைத் தட்டி மைனாவை விரட்டலாமா என்று கதவுவரை போனேன்.

#16 பழைய_தொலைநோக்கி
தட்டாமல் விட்டீர்கள் அல்லவா? நல்லது, தம்பி. எனக்கும் ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும். ஆனால் மைனாவுக்கு உளி இல்லை. கிளிக்கும் புள்ளி ஆந்தைக்கும் இல்லை. பொந்து தேடும் இவர்கள் பலருக்கும் கொத்தனார் மரங்கொத்திதான். பழைய பொந்தை விட்டுக்கொடுப்பார், சில நேரம் புதியதையும் பறிகொடுப்பார். முட்டை இடுவதற்கு முன்பே போனது ஒரு வகையில் பரவாயில்லை. மரத்தை விட்டு இன்னும் கண்ணை எடுக்காதீர்கள்.

#17 பனித்துளி
முப்பத்து மூன்றாம் நாள், காலை 6:20. பழைய காய்ந்த கிளையில் மறுபடி ‘டர்ர்ர்ர்’. கைபேசியில் பதிவு செய்து கால் வேகத்தில் ஓட்டி அடிகளை எண்ணப் பார்த்தேன்; மூன்று முறை எண்ணி மூன்று விடை. கானகக்காது, கோப்பை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

கொட்டி முடித்ததும் அடிமரத்துக்கு வந்தது. மைனா வீட்டுக்கு இரண்டு முழம் கீழே ஓர் இடத்தில் மூன்று தட்டு. நிறுத்தியது. தலையைச் சாய்த்துக்கொண்டு அசையாமல் இருந்தது. ஒரு சாண் தள்ளிப் போய் மறுபடி மூன்று தட்டு. பெண் மேலேயிருந்து பின்னோக்கியே இறங்கி வந்து, அதே இடத்தில் தானும் ஒரு முறை தட்டிப் பார்த்தது.

பக்கத்து வீட்டார் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, “இந்த இடம் பிடித்துவிட்டதா அவர்களுக்கு?” என்று கேட்டார். தொலைநோக்கியை அவர் கையில் கொடுத்திருக்கிறேன், இன்னும் திருப்பித் தரவில்லை.